அம்பாசடர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது இன்ஜின் ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்புக் குழாயை, இதுவரை நான்கு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். அதை ஹெட்டோடு பிடிப்பது ஸ்டட், தலையில்லாமல் இரண்டு பக்கமும் மரை உள்ள தண்டு. முதல் தடவை மூன்று ஸ்டட் உடைந்தது, கடைசித் தடவை ஒன்றுகூட உடையவில்லை. இடையில் கற்றுக்கொண்டதைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சு பெரும்பாலும் அம்பாசடரைப் பற்றித்தான். மற்ற வண்டிக்குப் பொருந்தாத இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டட் போடுவதா, போல்ட் போடுவதா?

கம்பெனி ஸ்டட் போட்டிருந்தால் ஸ்டட்டே போடுங்கள். ஹெட், அதாவது இன்ஜினின் மேல்பாகம், வார்ப்பிரும்பு. அதில் வெட்டிய மரை ஒவ்வொரு முறை போல்ட்டை முறுக்கும்போதும் கொஞ்சம் தேயும். ஸ்டட் ஒருமுறை உள்ளே உட்கார்ந்தால் அங்கேயே இருக்கும். அதற்கப்புறம் தேய்மானமெல்லாம் வெளியில் இருக்கும் நட்டுக்கும் ஸ்டட் நுனிக்கும்தான். நட்டு போனால் சில ரூபாயோடு முடியும். ஹெட்டில் மரை போனால் லேத் பட்டறைக்கு அலைய வேண்டும்.

மாட்டுகிற வசதியும் இருக்கிறது. கேஸ்கட்டை (புகை கசியாமல் இடையில் வைக்கும் தகடு) ஸ்டட்டில் தொங்கவிட்டு, கனமான மேனிஃபோல்டை அதன் மேல் ஏற்றி, இரண்டு கையையும் விட்டுவிட்டு நட்டைத் தேடலாம். போல்ட்டில் அந்த வேலையைத் தனியாளாகச் செய்து பார்த்தவர்களுக்கு இந்த அருமை புரியும்.

போல்ட் சரியாக வரும் இடமும் உண்டு. சில வண்டிகளில் மேனிஃபோல்டை நேராக வெளியே இழுக்க இடம் இருக்காது, சேஸியோ ஸ்டியரிங் பாக்ஸோ இடிக்கும். அங்கே கம்பெனியே போல்ட் கொடுத்திருக்கும். அதை ஸ்டட்டாக மாற்றப் போனால் மேனிஃபோல்டை ஏற்றவே முடியாமல் நிற்பீர்கள்.

என் வண்டியில் இருப்பது இன்ச் மரையா, எம்எம் மரையா?

எனக்குத் தெரிந்து அதிகமான ஹெட்களைக் கெடுத்தது இந்தக் குழப்பம்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1954இல் வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் அடுத்த வருஷம் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது இதுதான். முழுக்க இன்ச் மரை. மேனிஃபோல்ட் ஸ்டட் 5/16 இன்ச், நம் ஹார்டுவேர் கடைப் பேச்சில் இரண்டரை நூல். ஹெட்டுக்குள் போகும் பக்கம் பெரும்பாலும் யுஎன்சி, அதாவது இன்ச்சுக்கு 18 மரை உள்ள பருமரை. நட்டு ஏறும் பக்கம் யுஎன்எஃப், இன்ச்சுக்கு 24 மரை உள்ள நெருக்கமான மரை. வார்ப்பிரும்பில் பருமரைதான் நன்றாகப் பிடிக்கும், அதனால்தான் இரண்டு பக்கமும் இரண்டு விதம்.

கடையில் போய் "8 எம்எம் ஸ்டட்" என்று கேட்டால் எம்8 கொடுப்பார்கள். 5/16 இன்ச் என்பது 7.94 மில்லிமீட்டர், எம்8 என்பது 8. கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஆனால் மரை இடைவெளி வேறு: எம்8இல் 1.25 மில்லிமீட்டர், 5/16 யுஎன்சியில் 1.41. எம்8 போல்ட்டை யுஎன்சி துளையில் விட்டால் இரண்டு மூன்று சுற்று அழகாகப் போகும், அப்புறம் இறுகும். இறுகியதை "துரு இருக்கும்" என்று நினைத்து நீளமான ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஹெட்டின் மரை போய்விடும்.

என் வண்டியில் நடந்தது அதுதான். நான் வாங்குவதற்கு முன் ஏதோ ஒரு பட்டறையில், ஃபயர்வால் (இன்ஜினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) பக்கத்துக் கடைசித் துளையில் எம்8 போல்ட்டை அடித்து ஏற்றியிருந்தார்கள். அதைக் கழற்றியபோது போல்ட்டின் பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் தேய்த்தால் கரி போல உதிர்ந்தது. ஹெட்டின் மரை முழுவதும் அந்தப் போல்ட்டோடு கையில் வந்திருந்தது.

மரையைக் கண்டுபிடிக்கப் பிட்ச் கேஜ், அதாவது மரை இடைவெளி பார்க்கும் அளவுகோல், ஒன்று வாங்கிவிடுங்கள். அது இல்லையென்றால், இன்னது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு போல்ட்டையும் உங்கள் பழைய ஸ்டட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரையோடு மரையைக் கோர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் அது வேறு மரை. புது ஸ்டட், துளையில் விரலால் கடைசி வரை சுற்றி ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், துளையைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மரையை மறுபடி சரிபாருங்கள்.

ஸ்பேனரை வைத்து முடிவு செய்வதும் ஆபத்து. 5/16 யுஎன்எஃப் நட்டுக்கு அரை இன்ச் ஸ்பேனர், அதாவது 12.7 மில்லிமீட்டர். எம்8 நட்டுக்கு 13. இரண்டிலும் 13 ஸ்பேனர் ஏறும். துருப்பிடித்த நட்டில் அந்த 0.3 மில்லிமீட்டர் தளர்வே மூலையை உருட்டிவிடும்.

இன்னும் பழைய பிரிட்டிஷ் வண்டிக்கும் இதே மரைதானா?

இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து யுஎன்சி, யுஎன்எஃப் மரையை ஏற்றுக்கொண்டதே 1948இல்தான். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் இன்ச் மரைகள் இருக்கும். 5/16 விட்வொர்த்திலும் இன்ச்சுக்கு 18 மரைதான், ஆனால் மரையின் கோணம் 55 டிகிரி, யுஎன்சியில் 60. ஒன்றில் ஒன்று ஏறும், சரியாக உட்காராது.

எம்ஜி டிசி, டிடி போன்றவற்றின் எக்ஸ்பிஏஜி இன்ஜின் இன்னும் விசேஷமானது. மரை எம்எம், நட்டின் தலை விட்வொர்த் ஸ்பேனர் அளவு! எம்ஜியின் தாய் நிறுவனமான மாரிஸ் 1923இல் வாங்கிய ஹாட்ச்கிஸ் தொழிற்சாலையில் பிரெஞ்சு இயந்திரங்கள் இருந்தன, அவை வெட்டியது பிரெஞ்சு எம்எம் மரை. அது 1950கள் வரை தொடர்ந்தது. அங்கே வருவது எம்8இல் 1.0 இடைவெளி உள்ள நெருக்கமான மரை. சாதாரண எம்8 ஸ்டட் அதற்கு ஆகாது.

பத்மினிக்கும் இசுசு இன்ஜின் அம்பாசடருக்கும்?

இரண்டும் எம்எம். பத்மினி ஃபியட் வழி வந்தது. 1990களில் வந்த 1.8 இசுசு ஜப்பான் வழி வந்தது. இந்தப் பக்கத்தில் இன்ச் மரை பற்றிச் சொன்னது அவற்றுக்கு இல்லை, மற்றதெல்லாம் பொருந்தும்.

8.8, 10.9, 12.9 என்று போல்ட் தலையில் எண் இருக்கிறதே, பெரிய எண்தானே நல்லது?

இந்த இடத்தில் இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். பி-சீரிஸில் மேனிஃபோல்ட் நட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் 15 பவுண்டு-அடி, ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர். 5/16 ஸ்டட்டில் அது உண்டாக்கும் இழுவிசை சுமார் 1,200 கிலோ. ஸ்டட்டின் குறுக்குப் பரப்பில் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன் பக்கம் வரும். சாதாரண 8.8 போல்ட் 640 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஆக, பலம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. மேனிஃபோல்ட் ஸ்டட் பலம் போதாமல் உடைவது அபூர்வம். சூட்டாலும் துருவாலும்தான் உடைகிறது.

8.8, 10.9 என்ற எண்களெல்லாம் சாதாரண வெப்பநிலைக்கானவை. அந்தத் தரக்கணக்கு 150 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடுகிறது. ஓடும் வண்டியில் மேனிஃபோல்டின் மேல்பரப்பு 400, 500 டிகிரி ஏறும். ஸ்டட்டின் அடி தண்ணீர் ஓடும் ஹெட்டில் இருப்பதால் அது அவ்வளவு சூடாகாது, ஆனாலும் 150ஐத் தாண்டிவிடும். 12.9 போல்ட் கெட்டியானது, அதனாலேயே விறைப்பானது. வளைய வேண்டிய இடத்தில் முறிந்துவிடும்.

நான் இப்போது போட்டிருப்பது பி7 ஸ்டட். குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு, பாய்லர் குழாய், சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களின் ஃபிளேஞ்சை (போல்ட் துளை உள்ள ஓரத் தட்டு) இறுக்குவதற்கென்றே உள்ளது. 593 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பதப்படுத்துவதால் 400 டிகிரியில் அது அசராது. திருச்சியில் பாய்லர் தொழில் இருக்கும் பகுதிகளிலும் மணலிப் பக்கத்திலும் ஃபிளேஞ்ச் போல்ட் விற்கும் கடைகளில் கிடைக்கும். இரண்டரை நூலில் கிடைப்பது கஷ்டம். நான் நாலு நூல், அதாவது அரை இன்ச் பி7 ஸ்டட் வாங்கி, லேத்தில் கடைந்து மரை போட்டு எட்டு எடுத்தேன். லேத்துக்காரர் முதலில் "எம்எஸ் கம்பியிலேயே போட்டுத் தரேனே சார், சீக்கிரம் முடியும்" என்றார். எம்எஸ், அதாவது சாதாரண மைல்டு ஸ்டீல், சூட்டில் மெல்ல நீண்டு இறுக்கத்தை விட்டுவிடும், கேஸ்கட் ஊதும், அதாவது அந்த வழியே புகை கசியும். ஸ்டட்டின் முனையில் அடித்திருக்கும் பி7 முத்திரையைக் கடைவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அது கிடைக்கவில்லையென்றால், கம்பெனி அளவில் செய்த 8.8 ஸ்டட் போதும். பல வருஷம் ஓடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டட் துருப்பிடிக்காதே, அதைப் போடலாமா?

போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் போட மாட்டேன். சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் சூடானால் வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். மேனிஃபோல்ட் விரிவதைவிட ஸ்டட் அதிகம் நீண்டால் இறுக்கம் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு போட்டால் மரையோடு மரை ஒட்டிக்கொண்டு பற்ற வைத்தது போல நின்றுவிடும். பளபளப்புக்காகப் போட்டே ஆக வேண்டுமென்றால் நட்டாவது பித்தளையாக இருக்கட்டும்.

பித்தளை நட்டு மெத்தென்று இருக்குமே, அது எதற்கு?

மெத்தென்று இருப்பதுதான் அதன் நன்மை. இந்த மூட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்: நட்டு, ஸ்டட், ஹெட். ஏதாவது ஒன்று போக வேண்டிய நிலை வந்தால் நட்டு முதலில் போகட்டும், அதற்கப்புறம் ஸ்டட், ஹெட் ஒருபோதும் போகக்கூடாது. இரும்பு நட்டு இரும்பு ஸ்டட்டோடு துருவில் ஒன்றாகிவிடும், பத்து வருஷம் கழித்து முறுக்கினால் ஸ்டட்தான் முறியும். பித்தளை அப்படிப் பிடிக்காது. அளவுக்கு மீறி இறுக்கினால்கூடத் தன் மரையைத்தான் இழக்கும்.

சாதாரண உயரத்தைவிடக் கொஞ்சம் உயரமான பித்தளை நட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள், மரை அதிகம் பிடிக்கும். குழாய் கடையில் கிடைக்கும் மெல்லிய பித்தளை நட்டு வேண்டாம். ஒவ்வொரு முறை மேனிஃபோல்டைக் கழற்றும்போதும் புது நட்டு போடுங்கள்.

வாஷர்? ஸ்பிரிங் வாஷர், நைலாக் நட்டு?

நைலாக் கூடவே கூடாது. உள்ளிருக்கும் நைலான் வளையம் 120 டிகிரிக்கு மேல் தாங்காது. ஸ்பிரிங் வாஷர் சூட்டில் தன் வில்தன்மையை இழந்து வெறும் வளையமாகிவிடும்.

பி-சீரிஸில் கவனிக்க வேண்டிய வாஷர் வேறு. இந்த இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கம். நடுவில் இருக்கும் ஸ்டட்களில் ஒரே தடித்த வாஷர் பாதி இன்லெட் ஃபிளேஞ்சையும் பாதி எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்சையும் அழுத்திப் பிடிக்கும். இரண்டு ஃபிளேஞ்சும் ஒரே தடிமன் இருந்தால்தான் வாஷர் சமமாக உட்காரும். யாராவது ஒரு மேனிஃபோல்டை மட்டும் கிரைண்டிங் கொடுத்திருந்தால் வாஷர் சாயும், ஸ்டட் வளையும், மெலிந்த பக்கம் கசியும். மெல்லிய வாஷர் போட்டால் கிண்ணம் போலக் குழிந்துவிடும். பழைய தடித்த வாஷரைத் தூக்கிப் போடாதீர்கள், தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி போடுங்கள்.

ஸ்டட் எவ்வளவு நீளம் வாங்க வேண்டும்?

வண்டியில் அளந்து வாங்குங்கள். ஹெட்டுக்குள் போகும் மரை, ஸ்டட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, 5/16க்கு 12 மில்லிமீட்டர். அதோடு கேஸ்கட், ஃபிளேஞ்ச், வாஷர், நட்டு ஆகியவற்றின் தடிமனைக் கூட்டி, நட்டுக்கு வெளியே இரண்டு மரை தெரிகிற அளவு சேருங்கள். ஹெட் அலுமினியமாக இருந்தால் உள்ளே இரண்டு மடங்கு போக வேண்டும்.

ஸ்டட் துளையின் அடியை முட்டி நிற்கக்கூடாது. துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தாலும் ஆபத்துதான், ஸ்டட் இறங்கும்போது அழுத்தம் ஏறி வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

எப்போதும் ஓரத்து ஸ்டட்களே உடைகின்றனவே, ஏன்?

மேனிஃபோல்ட் சுமார் 40 சென்டிமீட்டர் நீளம். 400 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஹெட் 90 டிகிரியிலேயே நிற்பதால் 0.3 மில்லிமீட்டர்தான் நீளும். நடுவில் பிடித்திருப்பதால், மீதி நகர்வு முழுவதும் இரண்டு ஓரங்களில் வந்து சேர்கிறது. ஓரத்து ஸ்டட் ஒவ்வொரு பயணத்திலும் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, ஆறியதும் திரும்ப இழுக்கப்படுகிறது.

அதனால்தான் ஓரத்துத் துளைகள் ஸ்டட்டைவிடப் பெரிதாக இருக்கும். அங்கே புஷ் போட்டோ தடித்த ஸ்டட் போட்டோ "டைட்" ஆக்கிவிடாதீர்கள். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது.

ஸ்டட் உடைந்து உள்ளே நின்றுவிட்டது. என்ன செய்வது?

முதலில் உடைக்காமல் கழற்றும் வழி. வேலைக்கு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். கழற்றும் அன்று கேஸ் டார்ச்சால் ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடு காட்டுங்கள், ஸ்டட்டை நேராகக் காட்டாதீர்கள். கார்புரேட்டரையும் பெட்ரோல் பைப்பையும் கழற்றித் தள்ளி வைத்த பிறகுதான் நெருப்பு. சூடாக இருக்கும்போதே ஒரு மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் அடியில் தொடுங்கள். மெழுகு உருகி, மரைக்குள் தண்ணீர் மணலில் இறங்குவது போல உறிஞ்சப்படுவது கண்ணுக்குத் தெரியும். அப்புறம் இரண்டு நட்டை ஒன்றின் மேல் ஒன்று பூட்டி, கால் சுற்று கழற்றி, எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாக வாருங்கள். இந்த வழியில் நான் எடுத்த ஐந்தில் ஐந்தும் வந்தன.

உடைந்துவிட்டால், கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே மிக் வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். சிவப்பு அடங்கும்வரை விட்டு, மெதுவாகத் திருப்புங்கள். வெல்டிங் சூடே துருவை உடைத்துவிடும்.

ஹெட் மட்டத்துக்குக் கீழே உடைந்திருந்தால் டிரில்தான். நடுப்புள்ளி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஹெட்டின் மரை போய்விடும். பழைய ஃபிளேஞ்ச் துண்டில் ஒரு புஷ் வைத்து வழிகாட்டி செய்துகொண்டு 3 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். 6.5 வரை போகலாம், அது 5/16 யுஎன்சியின் உள் அளவு. மீதிச் சுருளைக் கூர் முனையால் நெம்பி எடுத்துவிட்டு, மரை வெட்டும் டேப் விடுங்கள். ஈஸி அவுட் என்று விற்கும் கூம்பு வடிவத் திருகியை மட்டும் இந்தச் சின்ன ஸ்டட்டில் போடாதீர்கள். அது துளைக்குள் முறிந்தால், எந்த டிரில்லும் அதை வெட்டாது.

துளையில் மரை போய்விட்டது. பெரிய ஸ்டட் போட்டுவிடலாமா?

3/8க்குப் பெரிதாக்கலாம், ஆனால் ஃபிளேஞ்ச் துளையையும் பெரிதாக்க வேண்டும், சுற்றிலும் வார்ப்பிரும்பு மெலியும். 5/16 யுஎன்சி ஹெலிகாயில் (போன மரைக்குப் பதில் உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட்டு அதே அளவு ஸ்டட்டைத் திரும்பப் போடுவதே நல்லது. என் வண்டியின் அந்தக் கடைசித் துளையில் ஹெலிகாயில்தான் இருக்கிறது, ஒரு கசிவும் இல்லை.

எம்ஜிபிக்கு இங்கிலாந்தில் விற்கும் ஸ்டட் செட் அம்பாசடருக்கு ஆகுமா?

எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பி-சீரிஸ்தான், மரை ஒன்றே. நீளத்தை மட்டும் உங்கள் ஃபிளேஞ்சோடு ஒத்துப் பாருங்கள். பித்தளை நட்டும் தடித்த வாஷரும் சேர்ந்து வந்தால் வாங்கலாம். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் இங்கிலாந்திலிருந்து வரவழையுங்கள்.

காப்பர் கிரீஸ் போடலாமா? லாக்டைட்?

காப்பர் கிரீஸ் நட்டுப் பக்கத்து மரையில் மெல்லியதாகத் தடவுங்கள். உராய்வு குறைவதால் அதே டார்க்கில், அதாவது ஸ்பேனரை முறுக்கும் அதே அளவில், இறுக்கம் கூடிவிடும், அதனால் 15 பவுண்டு-அடிக்குப் பதில் 12 போதும். சாதாரண லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) 150 டிகிரியில் விட்டுவிடும், இங்கே அதற்கு வேலை இல்லை.

கேஸ்கட் ஊதுகிறது என்று எப்படித் தெரியும்?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று டேப்பட் சத்தம் போலக் கேட்டு, சூடானதும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். ஃபிளேஞ்ச் ஓரத்தில் கரி படிந்திருக்கும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது, ஃபயர்வாலில் பழைய ரப்பர் குரோமெட் போயிருந்தால் நேராக உள்ளே வரும். பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டு வரும் வண்டி என்றால் அன்றே நிறுத்தி வேலையைப் பாருங்கள்.

எந்த வரிசையில் இறுக்க வேண்டும்? திரும்ப இறுக்க வேண்டுமா?

ஸ்டட்டை ஹெட்டில் விரல் இறுக்கமாக விட்டால் போதும், அதைத் தனியாக முறுக்க வேண்டியதில்லை. மேனிஃபோல்ட் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே நுழைந்தால் முதலில் கிரைண்டிங் கொடுங்கள். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒன்றோடு ஒன்று பூட்டியிருக்கும் வண்டியில் அந்தப் பூட்டைத் தளர்த்தி வைத்து, ஹெட்டில் இறுக்கிய பின் அதை இறுக்குங்கள்.

நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி ஓரத்துக்கு வாருங்கள். முதல் சுற்று 6 பவுண்டு-அடி, அடுத்தது 10, கடைசியாக முழு அளவு. இன்ஜினைச் சூடாகும்வரை ஓட்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் மறுபடி டார்க் ரென்ச் வையுங்கள். புது கேஸ்கட் அமுங்கியிருக்கும், என் வண்டியில் ஒவ்வொரு நட்டும் கால் சுற்றுக்குப் பக்கம் போனது. 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை பார்த்தேன், அப்போது ஒன்றும் நகரவில்லை.